பசிபிக் தீவுகளின் முதல் குடிகள்: ஒதுங்கியவர்களா, தேடிப் போனவர்களா?

1520 நவம்பர் 28 அன்று மெகல்லனின் மூன்று கப்பல்கள் தென்னமெரிக்காவின் தென்கோடி நீரிணையைக் கடந்து பசிபிக்குக்குள் நுழைந்தன. மறு ஆண்டு மார்ச் 6-ம் தேதி குவாம் தீவை அடையும்வரை, மூன்று மாதத்துக்கும் மேலாக, ஆளில்லாத இரண்டு சிறு தீவுகளைத் தவிர வேறு நிலம் அவர்கள் கண்ணில் படவில்லை. புழுத்த ரொட்டித் தூளையும் பாய்மரத்தில் சுற்றியிருந்த தோலையும் எலிகளையும் தின்றார்கள். ஈறு வீங்கிப் பலர் செத்தார்கள். உடன் சென்ற இத்தாலியர் அந்தோனியோ பிகாஃபெட்டா இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். பசிபிக்கின் கதை பெரும்பாலான பாடப்புத்தகங்களில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் அவர்கள் பட்டினி கிடந்து கடந்த அந்தக் கடலில், குடியிருக்கத் தோதான ஏறக்குறைய எல்லாத் தீவுகளிலும் அப்போது மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சேப்பங்கிழங்கும் சீமைப்பலாவும் பயிரிட்டார்கள். பன்றியும் கோழியும் வளர்த்தார்கள். கோயில் மேடைகள் கட்டினார்கள். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு என்று வழங்கும் ராப்பா நூயி, இந்த மூன்றையும் கோடிட்டு இணைத்தால் கிடைக்கும் மாபெரும் முக்கோணத்துக்குள் ஒரே மொழிக்குடும்பக் கிளையைச் சேர்ந்த பாலினேசிய மக்கள் பரவியிருந்தார்கள். ஹவாயிலிருந்து தஹிதிக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல். ராப்பா நூயிக்கு மிக அருகில் மக்கள் வாழும் இடமான பிட்கெய்ன் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. இரும்பு கிடையாது, எழுத்து கிடையாது, திசைகாட்டி கிடையாது. உலகில் மனிதர் கடைசியாகக் கண்டடைந்த பெரிய நிலப்பரப்புகளில் சிலவற்றைக் கல்லாயுதம் வைத்திருந்தவர்கள்தான் கண்டடைந்தார்கள்.

இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்ற கேள்விகளுக்கு இன்று ஓரளவு உறுதியான விடை உண்டு. எப்படி வந்தார்கள் என்பதுதான் இரண்டரை நூற்றாண்டு விவாதம். புயலில் சிக்கி, காற்று அடித்த பக்கம் போய் ஒதுங்கினார்களா? இல்லை, போகும் திசையும் திரும்பும் வழியும் தெரிந்து தேடிப் போனார்களா? இந்த விவாதத்தின் போக்கு, கடலைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு, யாருடைய அறிவை அறிவென்று ஏற்கிறோம் என்பதைப் பற்றியும் சொல்கிறது.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் கவனிப்பதற்காக ஜேம்ஸ் குக் 1769-ல் தஹிதிக்கு வந்தார். அவர் அங்கிருந்து கிளம்பியபோது, ராயாட்டேயா தீவைச் சேர்ந்த பூசகரும் மாலுமியுமான துபாயா 'எண்டவர்' கப்பலில் ஏறிக்கொண்டார். பசிபிக் ஆய்வின் வரலாற்றில் குக்கைவிடத் துபாயாதான் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார். தனக்குத் தெரிந்த தீவுகளை வரிசையாகச் சொன்னார். அவற்றைக் கொண்டு 74 தீவுகள் அடங்கிய வரைபடம் ஒன்று உருவானது. கப்பல் எத்தனை நாள் எப்படி வளைந்து வளைந்து போனாலும், கேட்டவுடன் தஹிதி இருக்கும் திசையைக் கைநீட்டிக் காட்டினார். அக்டோபரில் நியூசிலாந்தை அடைந்தபோது, அதற்குமுன் பார்த்தேயிராத மாவோரிகளோடு அவரால் பேச முடிந்தது. நான்காயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரு மக்கள் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிந்து நின்ற அந்தக் கணத்திலேயே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. 1770 டிசம்பரில், இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவில், துபாயா நோயுற்று இறந்தார். ஐரோப்பியர் எவரும் அவரிடம் முழுதாகப் பாடம் கேட்டு முடித்திருக்கவில்லை.

அவருடைய வரைபடத்தை ஐரோப்பிய முறைப்படி வடக்கை மேலே வைத்துப் படித்தவர்களுக்குத் தீவுகள் இடம் மாறிக் குழம்பிக் கிடப்பதாகத் தோன்றியது. அதனாலேயே துபாயாவின் அறிவு ஊர்க்கதை கலந்தது என்று பலகாலம் ஒதுக்கினார்கள். பொட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லார்ஸ் எக்ஸ்டைன், அன்யா ஷ்வார்ட்ஸ் இருவரும் 2019-ல் வேறொரு வாசிப்பை முன்வைத்தார்கள். அவர்கள் கணக்கில் வரைபடத்தின் நடுப்புள்ளி நண்பகல் சூரியன் நிற்கும் திசையைக் குறிக்கிறது; ஒவ்வொரு தீவும், அதற்கு முந்தைய தீவிலிருந்து கிளம்புகிறவன் பார்க்கும் கோணத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆயினும் குழப்பம் வரைந்தவரிடமா, படித்தவரிடமா என்ற கேள்வி அதன்பின் திசைமாறிவிட்டது.

குக்கின் மனத்தில் இரண்டு விடைகளும் இருந்தன. பகலில் சூரியனையும் இரவில் விண்மீன்களையும் கொண்டு தீவு தீவாக இவர்கள் வருவது சாத்தியமே என்று முதல் பயணத்தில் கருதினார். 1777-ல் அத்தியூ தீவில், தஹிதியிலிருந்து பக்கத்துத் தீவுக்குக் கிளம்பிக் காற்றில் அடிபட்டு வந்து சேர்ந்த சிலரைச் சந்தித்ததும், தொலைதூரத் தீவுகளில் மக்கள் சேர்ந்தது இப்படித்தானோ என்று எண்ணினார். பின்னாளில் இருகட்சிக்காரரும் அவரையே சாட்சிக்கு அழைத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய முக்கிய ஆட்சேபம் காற்றைப் பற்றியது. வெப்பமண்டலப் பசிபிக்கில் ஆண்டின் பெரும்பகுதி வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. மொழியும் பயிரும் விலங்கும் ஆசியாவைக் காட்டுகின்றன. காற்றோ எதிர்த்திசையில் தள்ளுகிறது. அதனால் இவர்கள் அமெரிக்காவிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று பிலிப்பைன்ஸில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் மார்ட்டினெஸ் தெ சூன்யிகா 1803-லேயே எழுதினார். இன்னொரு பக்கம், தீவு மக்களின் வாய்மொழி வரலாறுகளை அப்படியே பிடித்துக்கொண்டு கதை கட்டியவர்களும் உண்டு. நியூசிலாந்தில் பெர்சி ஸ்மித், 1350 வாக்கில் ஏழு பெரும் தோணிகள் ஒரே கூட்டமாக வந்திறங்கின என்று வெவ்வேறு குலங்களின் மரபுகளை ஒட்டித் தைத்து எழுதினார். பள்ளிப்பிள்ளைகள் அதைத் தலைமுறைகளாக மனப்பாடம் செய்தார்கள். அது ஸ்மித்தின் தையல்தான் என்று டேவிட் சிம்மன்ஸ் 1976-ல் மூல ஏடுகளைக் கொண்டு காட்டினார். மரபை மதிப்பது வேறு, சோதிக்காமல் நம்புவது வேறு. இந்தத் துறையில் இரண்டாவது தவறும் நிறைய நடந்திருக்கிறது.

நார்வேக்காரரான தோர் ஹெயர்டால் 1947-ல் செய்த காரியம் உலகம் முழுதும் பேசப்பட்டது. பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்த 'கோன்-டிக்கி' தெப்பத்தில், ஐந்து தோழர்களுடன், ஏப்ரல் 28 அன்று பெருவின் கயாவோ துறையிலிருந்து கிளம்பினார். 101 நாள் மிதந்து ஆகஸ்ட் 7-ல் ராரோயியா பவளத்தீவில் மோதி ஒதுங்கினார். புத்தகம் பல மொழிகளில் விற்றது. ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. பாலினேசியாவின் முதல் குடிகள் தென்னமெரிக்காவிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்தவர்கள் என்பது அவர் வாதம். அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு தெப்பம் மேற்கே மிதந்து போக முடியும் என்பதைத்தான் அது காட்டியது. அப்படி ஒரு மக்கள் கூட்டம் போனது என்பதற்கு மொழியோ மட்பாண்டமோ எலும்போ துணைநிற்கவில்லை. தாடி வைத்த வெள்ளை நிற முன்னோர்கள்தான் அமெரிக்காவிலிருந்து பாலினேசியாவுக்கு நாகரிகத்தைக் கொண்டுவந்தார்கள் என்றும் ஹெயர்டால் எழுதினார். தீவு மக்களின் சாதனையை இன்னொருவர் கணக்கில் எழுதும் அந்தப் பகுதிதான் அவர் கோட்பாட்டில் மிகவும் வருத்தம் தருவது.

1956-ல் நியூசிலாந்தின் ஆண்ட்ரூ ஷார்ப் எழுப்பிய ஐயம் இதைவிடக் கூர்மையானது. பாலினேசியர் மேற்கிலிருந்து வந்தவர்கள் என்பதில் அவருக்கு மறுப்பில்லை. கருவியில்லாமல் சுமார் 300 மைலுக்கு மேல் திறந்த கடலில் குறிவைத்துப் போய்த் திரும்ப முடியாது என்பதுதான் அவர் நிலைப்பாடு. கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம் தோணியைப் பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தியது என்று மாலுமிக்குத் தெரியாது. பிழை நாளுக்கு நாள் பெருகும். கிழக்கு மேற்காக எங்கிருக்கிறோம் என்பதை, துல்லியமான கடிகாரம் வரும்வரை, ஐரோப்பியரே அறியவில்லை. இந்த வாதம் முழுதும் சரியான கேள்விகளால் ஆனது. விடைதான் தவறிப்போயிற்று, அதற்குக் காரணம் எளியது: அந்த மாலுமிகளில் சிலர் அப்போது உயிரோடு இருந்தார்கள், அவர்களோடு ஷார்ப் கடலுக்குப் போகவில்லை.

முதலில் ஷார்ப்பின் கூற்றைக் கணினியில் வைத்துப் பார்த்தார்கள். லெவிசன், வார்ட், வெப் மூவரும் பசிபிக்கின் காற்று, நீரோட்டப் பதிவுகளை ஏற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மிதவைப் பயணங்களை ஓடவிட்டு 1973-ல் முடிவை வெளியிட்டார்கள். பக்கத்துத் தீவுகளுக்கு அடித்துச் செல்லப்படுவது நிகழக்கூடியதே. ஆனால் ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி மூன்றுக்கும், பாலினேசியாவின் மற்ற இடங்களிலிருந்து வெறுமனே மிதந்து போய்ச் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கும் யாரோ சுக்கான் பிடித்துத்தான் போயிருக்க வேண்டும்.

எப்படிப் பிடித்தார்கள் என்பதற்கு விடை தேடிப் போனவர் டேவிட் லூயிஸ், ஒரு மருத்துவர். 1965-ல் தன் இரட்டை உடல் படகில் தஹிதியிலிருந்து நியூசிலாந்துவரை கருவியில்லாமல் ஓட்டிப்பார்த்தார். பிறகு 1968-69-ல், சாலமன் தீவுகளை அடுத்த ரீஃப் தீவுகளின் தெவாக்கே, கரோலின் தீவுகளில் புலுவட்டைச் சேர்ந்த ஹிப்பூர் ஆகிய மாலுமிகளைத் தன் படகுக்கு அழைத்து, திசைகாட்டியை மறைத்துவிட்டுச் சுக்கானை அவர்கள் கையில் கொடுத்தார். ஹிப்பூர் சைப்பான் தீவுக்குப் போனார். அவர் ஊரார் பல பத்தாண்டுகளாகப் போகாத வழி அது. விண்மீன் வரிசை மட்டும் பாடமாகத் தலைமுறை தாண்டி வந்திருந்தது. தீவு சொன்ன இடத்தில் இருந்தது. 1972-ல் லூயிஸ் எழுதிய நூல் இத்துறையின் அடித்தளம்.

அந்த முறையைச் சற்று நின்று பார்ப்பது தகும். கரோலின் தீவுகளின் மாலுமிக்கு அடிவானம் என்பது 32 புள்ளிகள் கொண்ட வட்டம். ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு விண்மீன் உதிக்கும் அல்லது மறையும் இடம். கிழக்கின் தலைமைப் புள்ளி நாம் திருவோணம் என்னும் விண்மீன் உதிக்குமிடம். கார்த்திகை, ரோகிணி, சுவாதி, கேட்டை, அஸ்தம் எல்லாம் அந்த வட்டத்தில் உண்டு. ஒரு விண்மீன் ஆண்டு முழுதும் அடிவானத்தில் ஒரே இடத்தில்தான் எழும்; அது மேலேறிவிட்டால் அதே இடத்தில் எழும் அடுத்த விண்மீனைப் பிடிக்க வேண்டும். ஓர் இரவுக்குப் பத்துப் பன்னிரண்டு விண்மீன்கள் கொண்ட வரிசை ஒரு தீவுக்கான வழி. இப்படி நூற்றுக்கணக்கான வழிகளைச் சிறுவயதிலிருந்து மணலில் கல் வைத்துப் பாடம் கேட்பார்கள்.

வானம் மூடிக்கொண்டால் அலை. கண்ணெதிரே காற்று கிளப்பும் சிற்றலையை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் நிலையாக வீசும் காற்றினால் எழுந்து வரும் நெடிய அலைகள் நாள்கணக்கில் திசைமாறாமல் தொடரும். இரண்டு மூன்று திசைகளிலிருந்து வரும் அத்தகைய அலைகள் தோணியின் அடியில் ஒன்றையொன்று கடக்கும்போது, எது எந்தப் பக்கத்து அலை என்று உடம்பால் பிரித்தறிவார்கள். தெவாக்கே மழையிலும் இருட்டிலும் இப்படி வழிபிடித்ததை லூயிஸ் பதிவுசெய்திருக்கிறார். மார்ஷல் தீவுகளில், தீவுகளைச் சுற்றி அலைகள் வளைந்து திரும்பும் விதத்தைக் குச்சிகளைக் கட்டிப் படமாக்கி மாணவர்க்குக் கற்பித்தார்கள்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு வைத்திருந்த கணக்கு எனக்கு மிகவும் வியப்பானது. ஏத்தாக் எனப்படும் அந்த முறையில் தோணி அசைவதில்லை. தோணி நிற்கிறது, கடலும் தீவுகளும் அதைக் கடந்து பின்னோக்கிப் போகின்றன என்று மாலுமி மனத்தில் அமைத்துக்கொள்கிறார். வழிக்குப் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியாத தொலைவில் உள்ள ஒரு தீவைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறார். கிளம்பும்போது அது ஒரு விண்மீனின் கீழ் இருக்கும். போகப் போக அடுத்த விண்மீனின் கீழ், பிறகு அதற்கடுத்தது. அது எத்தனை விண்மீன் தாண்டியது என்பதே கடந்த தூரம். நீரோட்டம், வேகம், விலகல் எல்லாம் ஒரே மனக்கணக்கில் அடங்கிவிடுகின்றன. ஷார்ப் முடியாது என்று சொன்ன கூட்டல்தான் இது.

நிலத்தைச் சரியாகத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. பகலில் மீன் பிடித்து இரவில் கரைக்குத் திரும்பும் வெண்ணிற ஆலாக்களும் நாடி (noddy) என்ற கடற்பறவைகளும் தீவிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர்வரை பறக்கும். மாலையில் அவை போகும் பக்கம் கரை. மலைமேல் நகராமல் நிற்கும் மேகம், பவளத்தீவின் ஆழமற்ற நீர் மேகத்தின் அடியில் ஏற்றும் பசுமை நிறம் ஆகியவையும் துப்பு. ஒரு சிறு தீவு இப்படிப் பெரிய இலக்காக விரிகிறது. தீவுக்கூட்டம் என்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத் திரையே விழுந்துவிடுகிறது.

இவையெல்லாம் சில நூறு மைல் பயணங்களில் காணப்பட்டவை. ஹவாய்க்கும் தஹிதிக்கும் இடையே இது செல்லுமா? மானுடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, டாமி ஹோம்ஸ் மூவரும் 1973-ல் ஹவாயில் பாலினேசியக் கடற்பயணச் சங்கத்தைத் தொடங்கி, சுமார் 19 மீட்டர் நீள இரட்டைத் தோணி ஒன்றைக் கட்டினார்கள். 1975 மார்ச் 8-ல் நீரில் இறங்கிய அதற்கு, ஹவாயின் தலைக்கு மேல் கடக்கும் சுவாதி விண்மீனின் ஹவாய்ப் பெயரான 'ஹோக்குலேயா' சூட்டப்பட்டது. ஹவாயில் மாலுமி மரபு முற்றிலும் அற்றுப்போயிருந்தது. ஆகவே கரோலின் தீவுகளின் சட்டவல் என்ற சிறு தீவிலிருந்து மாவ் பியைலுக்கை அழைத்தார்கள். அவர் அதுவரை அந்தக் கடலில் போனதில்லை. நிலநடுக்கோட்டைத் தாண்டினால் துருவ விண்மீன் மறைந்துவிடும். தெற்கு வானம் அவருக்குப் பழக்கமில்லாத உயரத்தில் நிற்கும்.

1976 மே 1-ம் தேதி ஹவாயின் மாவி தீவிலிருந்து கிளம்பினார்கள். காற்றற்ற மண்டலத்தில் நாள்கணக்கில் தேங்கினார்கள். மாலுமிக்குழுவில் சச்சரவு மூண்டது, அடிதடி வரை போயிற்று. மாவ் அதிகம் தூங்காமல் பின்புறத்தில் உட்கார்ந்து அலையையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழிந்து ஆலாக்கள் தென்பட்டன. துவாமோத்து கூட்டத்தின் மடைவா தீவு எதிர்ப்பட்டது. ஜூன் 4 அன்று தஹிதியின் பாப்பியெட்டி துறைமுகத்தில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டிருந்ததாகச் சொல்கிறார்கள், அன்றைய தஹிதியின் மக்கள்தொகைக்கு அது மிகப் பெரிய கூட்டம். மாவ் குழுவினர் மேல் மனக்கசப்போடு விமானம் ஏறி ஊர் போய்விட்டார்.

அடுத்த முயற்சி துயரத்தில் முடிந்தது. 1978 மார்ச்சில் தோணி புயலில் கவிழ்ந்தது. உதவி தேடி அலைப்பலகையில் நீந்திப்போன எட்டி ஐக்காவ் திரும்பவில்லை. மாவ் மீண்டும் வந்தார், இம்முறை கற்றுக்கொடுக்க. அவரிடம் பயின்ற ஹவாய் இளைஞர் நைனோவா தாம்ஸன் 1980-ல் தானே வழிகண்டு தஹிதிக்குப் போய்த் திரும்பினார். 1986-ல் காற்று ஆட்சேபத்துக்கும் விடை கிடைத்தது. வியாபாரக் காற்று தணிந்து மேற்குக் காற்று சில நாள் வீசும் இடைவெளிகளுக்காகக் காத்திருந்து, சமோவாவிலிருந்து கிழக்கே தஹிதிவரை ஹோக்குலேயாவை ஓட்டிவிட்டார்கள். இத்தகைய இடைவெளிகளைப் பற்றித் துபாயா குக்கிடம் 1769-லேயே சொல்லியிருந்தார்.

இதன்மேல் ஜெஃப்ரி இர்வின் 1992-ல் வைத்த வாதம் எளிமையானது, ஆழமானது. புதிய நிலம் தேடுகிறவனுக்கு எதிர்க்காற்றுத் திசைதான் பத்திரமானது. காற்றை எதிர்த்துப் போய் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், வழக்கமான காற்று அவனை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். காற்றோடு போனவனுக்குத் திரும்பும் வழி இல்லை. தீவுகளில் குடியேற்றம் நடந்த வரிசையும் இதையே காட்டுகிறது: முதலில் எதிர்க்காற்றில் கிழக்கே, பிறகு காற்றுக்குக் குறுக்கே ஹவாய்க்கு, கடைசியில், வெப்பமண்டலத்தை விட்டு வெளியேறி நியூசிலாந்துக்கு. தடையென்று இரு நூற்றாண்டு பேசப்பட்ட காற்றே தேடிப் போகும் துணிவைத் தந்த காப்பு.

ஹோக்குலேயா காட்டியதும், கோன்-டிக்கியைப் போலவே, முடியும் என்பதைத்தான். நடந்தது என்பதை அல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் இரண்டு படகுகளுக்கும் ஒரே மதிப்புதான். நடந்ததற்குச் சாட்சி மண்ணுக்குள்ளும் கல்லுக்குள்ளும் உள்ளது. 1930-களில் துவாமோத்து தீவுகளில் கென்னத் எமரி சேகரித்த கல் வாச்சிகளின் வேதி அமைப்பைக் காலர்சனும் வைஸ்லரும் 2007-ல் ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்றின் கல் ஹவாயின் கஹோலாவே தீவினுடையது, 4,000 கிலோமீட்டர் வடக்கிலிருந்து வந்தது. அந்த வாச்சி தானாக மிதந்து வரவில்லை.

காலவரிசையும் இதேபோல் தோண்டித் தோண்டித் தெளிந்தது. நியூகினியிலும் ஆஸ்திரேலியாவிலும் மனிதர் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே கால்வைத்துவிட்டார்கள். சாலமன் தீவுகள்வரையும் பனியுகத்திலேயே வந்துவிட்டார்கள். அதற்கப்பால் கடல் திறந்துகொள்கிறது. அங்கே முதலில் போனவர்களை அடையாளம் காட்டுவது, பற்சீப்பால் அழுத்தியது போன்ற புள்ளிக்கோலம் கொண்ட மட்பாண்டம். நியூ கலிடோனியாவில் 1952-ல் அகழ்ந்த லபிட்டா என்ற இடத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. பிஸ்மார்க் தீவுகளில் ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் தோன்றும் இப்பாண்டம், சில நூறு ஆண்டுகளில் டோங்கா, சமோவாவரை பரவிவிட்டது. வனுவாட்டுவில் தெயூமா இடுகாட்டின் எலும்புகளில் எடுத்த மரபணுக்களை ஸ்கோக்லுண்ட் குழுவினர் 2016-ல் வெளியிட்டபோது, அந்த முதல் தலைமுறையினர் தைவான், பிலிப்பைன்ஸ் மக்களுக்கு நெருங்கியவர்கள், பாப்புவாக் கலப்பு ஏறக்குறைய இல்லாதவர்கள் என்று தெரிந்தது. மொழியியலாளர் பலகாலமாகச் சொன்னது அதுதான்.

டோங்காவையும் சமோவாவையும் எட்டியபின் நெடிய நிறுத்தம் ஒன்று வருகிறது. தஹிதி உள்ள கிழக்குப் பாலினேசியாவுக்குப் போக இன்னும் சுமார் இரண்டாயிரம் ஆண்டு ஆயிற்று. ஜேனட் வில்ம்ஷர்ஸ்ட் குழுவினர் 1,434 ரேடியோ கார்பன் தேதிகளைச் சலித்து, விதை, சுள்ளி போன்ற குறைந்த ஆயுள் பொருள்களை மட்டும் நம்பி, 2011-ல் கணக்கிட்டார்கள். தஹிதி அடங்கிய சொசைட்டி தீவுகளுக்கு 1025-1120. மற்ற தொலைத் தீவுகளுக்கெல்லாம் 1190-1290. ஹவாய், நியூசிலாந்து, ராப்பா நூயி மூன்றும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குள். குக் தீவுகளின் ஏரிப்படிவுகளை ஆராய்ந்தவர்கள் 2020-ல் தொடக்கத்தைச் சற்று முன்னே தள்ளினாலும், வேகம் வேகம்தான். அடிபட்டு ஒதுங்குகிறவர்கள் இப்படி அவசரமாகப் பரவ மாட்டார்கள்.

இனி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இது தென்னமெரிக்கப் பயிர். ஆனால் ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே குக் தீவுகளின் மங்காயியாவில் கரிந்த நிலையில் கிடைத்திருக்கிறது. 2020-ல் அயோனிடிஸ் குழுவினர் 17 தீவுகளின் மக்களுடைய மரபணுவை ஆராய்ந்து, 1200 வாக்கில் கிழக்குப் பாலினேசியரும் இன்றைய கொலம்பியப் பகுதியின் பழங்குடியினரும் கலந்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். ராப்பா நூயியின் பழைய எலும்புகளைக் கொண்டு 2024-ல் வந்த ஆய்வும், ஐரோப்பியருக்கு முந்தைய அமெரிக்கத் தொடர்பை உறுதிசெய்தது. இரு கரையும் சந்தித்தன என்ற அளவில் ஹெயர்டாலுக்கு இதில் பங்குண்டு. யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதில் ஆய்வாளர் பிரிகிறார்கள். நாலாயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்பும் தோணியும் முறையும் வைத்திருந்தவர்கள் பாலினேசியரே; ஆகவே அவர்கள்தான் அமெரிக்காவைத் தொட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பசிபிக் பேச்சு வந்தாலே தமிழ் வாசகருக்கு நினைவு வரும் ஒரு பொருளையும் சொல்லிவிட வேண்டும். வில்லியம் கொலென்ஸோ என்ற கிறித்தவ ஊழியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூசிலாந்தின் மாவோரிகளிடம் கண்ட தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கலக் கப்பல்மணி, இன்று வெலிங்டனின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. அது ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல் உரிமையாளரின் மணி என்பது உண்மை. அதைக் கொண்டு நியூசிலாந்தைத் தமிழர் கண்டார்கள் என்று சொல்வது கோன்-டிக்கியைவிடப் பலவீனமான வாதம். மணி வேறு கப்பலிலும் வரலாம், கைவிடப்பட்ட கப்பலோடும் வரலாம். நமக்குள்ள மெய்யான தொடர்பு வேறு. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், பாக் நீரிணைப் பக்கத்திலும் இலங்கையிலும் பக்கமிதவை கட்டிய தோணிகளை ஆராய்ந்து, பசிபிக் குடும்பத்து மக்கள் இக்கடலிலும் வந்துபோனதன் தடம் இது என்று 1920-ல் எழுதினார். மடகாஸ்கரின் மொழி அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அவர்கள் இந்துமாக்கடலைக் கடந்தது ஐயமில்லாத செய்தி. நம் கரையில் எந்த அளவு தங்கினார்கள் என்பது ஹார்னெலுக்குப் பிறகும் தீராத விவாதம்.

தீராமல் நிற்கும் கேள்விகளில் பெரியது அந்த இரண்டாயிரம் ஆண்டு நிறுத்தம். சமோவாவுக்குக் கிழக்கே தீவுகள் சிறியவை, இடைவெளி பெரியது. அக்காலத்துத் தோணிகளால் எதிர்க்காற்றில் ஏற முடியவில்லை என்கிறார் அதொல் ஆண்டர்சன். எல் நீன்யோ அடிக்கடி வந்த காலத்தில்தான் மேற்குக் காற்று கூடியது என்பவர்கள் உண்டு. கடல்மட்டம் தாழ்ந்து பவளத்தீவுகள் பிற்பாடுதான் குடியிருக்கத் தகுந்தன என்பதும் ஒரு விளக்கம். என் கணிப்பில் இரட்டைத் தோணியின் வளர்ச்சிக்குத்தான் எடை அதிகம். ஆனால் மரத்தோணி மண்ணில் மட்கிவிடும், ஆகவே நேர்ச்சான்று அரிது. நியூசிலாந்தின் அனவேகா கடற்கரையில் 2012-ல் வெளிப்பட்ட, கடலாமை செதுக்கிய ஆறு மீட்டர் தோணிப் பலகை போல இன்னும் சில கிடைத்தால் விவாதம் நகரும்.

மாவ் பியைலுக் வெளியாருக்குக் கற்பித்ததை அவர் ஊரார் பலர் விரும்பவில்லை. குல வித்தையை அந்நியருக்குக் கொடுப்பதா என்று கேட்டார்கள். தன் தீவுப் பிள்ளைகள் மோட்டார் படகுக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள், கேட்பவருக்குக் கொடுக்காவிட்டால் இது தன்னோடு போய்விடும் என்பது அவர் பதில். 2007-ல் ஹவாய்க்காரர்கள் ஒரு தோணி கட்டிச் சட்டவலுக்குக் கொண்டுபோய் அவருக்கே கொடுத்தார்கள். அவ்வாண்டு, பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின், அத்தீவில் மாலுமிப் பட்டச் சடங்கு நடந்தது. நைனோவா தாம்ஸன் உட்பட ஐந்து ஹவாய்க்காரர்களுக்கும் கரோலின் தீவுகளைச் சேர்ந்தவர்களுக்கும் மாவ் பட்டம் கட்டினார். 2010-ல் அவர் இறந்தார். அவர் மகன் செசாரியோ பலாவ் சமுதாயக் கல்லூரியில் விண்மீன் வழியைப் பாடமாக நடத்தினார்.